பொனட்டின் மேல் ஒரு வாய்: காற்றுக்கா, காட்சிக்கா?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒரு பழைய ஜப்பான் கார் நின்றது. என் மருமகன் வாங்கி வந்தது. வாகனம் வாங்கி விற்கும் தொழிலில் அவர் இறங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. காரைக் கழுவி, பொலிஷ் போட்டு, புது டயரும் மாட்டியிருந்தார். பொனட்டின் நடுவில் காற்றை உள்ளே வாங்கும் வாய் போன்ற ஒரு மேடு. 'ஸ்கூப்' என்பார்கள். அந்த வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலம் போனதும் தகரம் தட்டியது. துவாரமே இல்லை.

"என்ன மகன் இது?"

"ஸ்டைலுக்குத்தான் மாமா. கடையில வாங்கிப் பூட்டினேன். நேத்து பார்க்க வந்தவர், இது டர்போ எஞ்சினா எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல மாமா. சிரிச்சேன்."

அந்தச் சிரிப்புத்தான் இவ்வாரக் கட்டுரைக்குக் காரணம். பொனட்டின் மேல் இருக்கும் இந்த வாய்க்கு ஒரு வரலாறு உண்டு. அது அமெரிக்கக் கார் கம்பனிகளின் வரலாறு. எதை விற்கிறோம், எதைக் காட்டி விற்கிறோம் என்ற கேள்வி அதில் ஆரம்பம் முதல் இறுதி வரை ஓடுகின்றது. கார் விற்காத வியாபாரிக்கும் அதில் பாடம் இருக்கின்றது.

காற்றின் கணக்கு

எஞ்சின் பெற்றோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கின்றது. காற்று எவ்வளவு அடர்த்தியாக உள்ளே போகின்றதோ அவ்வளவு பெற்றோலை எரிக்கலாம். அவ்வளவு வலுவும் கிடைக்கும். பழைய கார்களில் காபரேட்டரும் அதன் மேல் வட்டமான எயார் கிளீனரும் எஞ்சினின் தலையில் அமர்ந்திருக்கும். பொனட் மூடியிருப்பதால் அது இழுப்பது எஞ்சினின் சூட்டில் வெந்த காற்று.

காற்று 30 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே வெளியில் இருக்கும் குளிர்ந்த காற்றை நேரே காபரேட்டருக்குக் கொண்டுவந்தால் செலவில்லாத இலாபம். வேகமாக ஓடும்போது காற்று தானாகவே உள்ளே திணிக்கப்படும் என்று பலர் நினைக்கின்றார்கள். ஆனால் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் கிடைக்கும் அந்த அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. உண்மையான இலாபம் குளிர்ச்சியில்தான்.

பந்தயத்தில் பிறந்த வாய்

தொழிற்சாலையிலிருந்தே பொனட்டில் மேடு வைத்து வந்த கார்களில் பிரபலமான ஒன்று, 1955ஆம் ஆண்டின் ஃபோர்ட் தண்டர்பேர்ட். பொனட்டைத் தாழ்வாக வடிவமைத்ததால் எயார் கிளீனருக்கு மேலே இடம் போதவில்லை. அந்த இடத்தை உண்டாக்க உயர்த்தியதுதான் அந்த மேடு. அழகாகவும் அமைந்துவிட்டது. தேவை முதலில், அழகு பிறகு.

ஆனால் ஸ்கூப்பை வளர்த்தெடுத்தது கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம். 1951இல் அமெரிக்காவில் 'நெஷனல் ஹொட் ரொட் அசோசியேஷன்' தோன்றிய பின் இப்பந்தயம் நாடெங்கும் பரவியது. அதன் 'ஸ்டொக்' பிரிவுகளில் ஓட வேண்டுமானால், கார் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு பொதுமக்களுக்கு விற்கப்படும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் செய்து பூட்டிய பாகத்துக்கு அங்கே இடமில்லை. எனவே பந்தயத்தில் வெல்ல விரும்பிய கம்பனிகள், பந்தயத்துக்கு வேண்டியதைத் தம் விற்பனைப் பட்டியலிலேயே சேர்த்தன. தொழிற்சாலை ஸ்கூப் அந்த வழியாகத்தான் வளர்ந்தது.

1963இல் க்ரைஸ்லர் கம்பனியின் டொட்ஜ், பிளிமத் பந்தயக் கார்கள் 426 கன அங்குல எஞ்சினோடும் பொனட்டில் பெரிய ஸ்கூப்போடும் வந்தன. 1964இல் ஃபோர்ட் 'தண்டர்போல்ட்' என்ற காரைச் செய்தது. நடுத்தர அளவான ஃபெயார்லேன் காருக்குள் 427 கன அங்குல, அதாவது 7 லீற்றர் எஞ்சின். எஞ்சின் உள்ளே அடங்காததால் பொனட் கண்ணீர்த் துளி வடிவில் உயர்த்தப்பட்டது. காற்றுக்காக முன்புற நான்கு விளக்குகளில் உள்ளிருந்த இரண்டையும் கழற்றி, அந்தத் துவாரங்களில் வலை பூட்டி, அங்கிருந்து தடித்த குழாய்களைக் காபரேட்டர்களுக்கு இழுத்தார்கள். அழகைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காற்று வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்யப்பட்டவை சுமார் 100 கார்கள் மட்டுமே.

போலி வாயும் உண்மையான எஞ்சினும்

இதற்கிடையில் 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, தன் பிரிவுகள் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று கட்டளையிட்டது. பந்தயத்தால் பெயர் எடுத்திருந்த பொன்டியாக் பிரிவுக்கு இது பெரிய அடி. பந்தயத் திடலில் காட்ட முடியாத வேகத்தைத் தெருவில் காட்டலாமே என்று அவர்கள் யோசித்தார்கள். ஜோன் டிலோரியன் தலைமையிலான பொறியியலாளர்கள், நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காருக்குரிய 389 கன அங்குல எஞ்சினை வைத்தார்கள். அந்த அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது கம்பனியின் விதி. அவர்கள் அதைப் புது மொடலாக அறிவிக்காமல், சுமார் 296 டொலர் கூடுதல் விலையில் விருப்பத் தெரிவாக விற்றார்கள். அதுதான் 1964 பொன்டியாக் ஜீ.டீ.ஓ.

விற்பனைப் பிரிவு 5,000 கார்களுக்கு மட்டுமே சம்மதித்திருந்தது. முதல் வருடத்திலேயே 32,450 விற்றன.

அந்தக் காரின் பொனட்டில் இரண்டு ஸ்கூப்கள் இருந்தன. இரண்டும் போலி. துவாரம் இல்லாத வெறும் அலங்காரம். பந்தயக் காரின் அடையாளத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

இதை மோசடி என்று சொல்லலாமா? நான் நிறைய யோசித்தேன். சொல்ல முடியாது. பொனட்டின் கீழே இருந்த எஞ்சின் உண்மையானது. 325 குதிரைவலு என்று விற்றார்கள். வாங்கியவர் அந்த வேகத்தை அனுபவித்தார். ஆனாலும் வாடிக்கையாளர் பொனட்டைத் திறந்து பார்க்கத்தானே செய்வார்? அடுத்த வருடம் ஜீ.டீ.ஓ. விற்பனை 75,352 ஆக உயர்ந்தது. அந்த விற்பனைக் காலத்தின் பிற்பகுதியில், பொனட்டிலிருந்த ஒற்றை ஸ்கூப்பைத் திறந்து காபரேட்டரோடு இணைக்கும் பாகங்களைப் பொன்டியாக் தன் விற்பனையாளர்கள் மூலம் வெளியிட்டது. காட்சிக்கு வைத்த வாய்க்குப் பின்னர் வேலை கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு விற்பனையாளரின் குரல்

எம் போன்ற வியாபாரிகளுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி இது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஃபோர்ட் கார் விற்றவர் பொப் டஸ்கா. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் வென்றால் திங்கட்கிழமை கடையில் விற்கலாம் என்ற பிரபலமான வாசகத்தை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

1967ஆம் ஆண்டின் மஸ்டங் கார் பெரிய 390 கன அங்குல எஞ்சினோடு வந்தும் போட்டிக் கம்பனிகளின் கார்களிடம் தோற்றது. வாடிக்கையாளரின் முணுமுணுப்பை முதலில் கேட்பது கடைக்காரர்தான். டஸ்கா கம்பனியைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. தன் கராஜிலேயே 428 கன அங்குல எஞ்சினைப் பூட்டி, இப்படிச் செய்தால் விற்கும் என்று காட்டினார். 'ஹொட் ரொட்' சஞ்சிகை அதை எழுத, வாசகர்கள் ஃபோர்ட் கம்பனிக்குக் கடிதம் அனுப்பினார்கள். கம்பனி செவிசாய்த்தது. 1968 ஏப்ரலில் 'கோப்ரா ஜெட்' மஸ்டங் விற்பனைக்கு வந்தது.

அதன் பொனட்டில் இருந்தது உண்மையான ஸ்கூப். சாதாரண ஓட்டத்தில் உள்ளே ஒரு சிறு கதவு மூடியிருக்கும். ஓட்டுநர் எக்ஸலேட்டரை முழுவதும் மிதித்தால் அது திறந்து வெளிக்காற்றை விடும். எஞ்சினின் வலு 335 குதிரைவலு என்று அறிவித்தார்கள். உண்மை வலு அதைவிட மிக அதிகம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விடயம்.

பிறகு போட்டி உச்சத்துக்குப் போனது. 1969 மஸ்டங்கில், எஞ்சினோடு நேரே பூட்டப்பட்டு, பொனட்டின் துவாரத்தால் வெளியே தலைநீட்டி, எஞ்சினோடு சேர்ந்து ஆடும் 'ஷேக்கர்' ஸ்கூப் வந்தது. அதே வருடம் ஷெவ்ரலே கமாரோவில் ஸ்கூப்பின் வாயைப் பின்பக்கம் திருப்பினார்கள். ஓடும் காரில் முன் கண்ணாடியின் அடியில் காற்று வந்து தேங்கி அழுத்தம் கூடும். அங்கிருந்து காற்றெடுப்பது அதன் யுக்தி. 1970 பிளிமத் கார்களில், டேஷ்போர்ட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் பொனட்டிலிருந்து ஸ்கூப் எழுந்து வாய் திறந்தது. பக்கவாட்டில் சுறாப் பற்களையும் வரைந்திருந்தார்கள்.

வாய் மூடியது, விற்பனை மூடவில்லை

1970இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இத்தகைய கார்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எஞ்சின்கள் வலுவிழந்தன. பொன்டியாக் ட்ரான்ஸ் ஏம் காரின் ஷேக்கர் ஸ்கூப், இரைச்சல் கட்டுப்பாடு காரணமாக 1973 முதல் அடைக்கப்பட்டது. வாய் அப்படியே இருந்தது. உள்ளே தொண்டை இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடைத்த ஸ்கூப்போடு அந்தக் கார் இன்னும் அதிகமாக விற்றது. 1977இல் 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' என்ற சினிமாவில் அது ஓடியது. 1979இல் மட்டும் 117,108 ட்ரான்ஸ் ஏம் கார்கள் விற்பனையாகின. ஆகவே காட்சி விற்காது என்று நான் மருமகனிடம் சொன்னால் அது பொய். காட்சி விற்கும், நன்றாகவே விற்கும். கேள்வி அதுவல்ல. வாங்குபவர் எதை நினைத்துக் காசைத் தருகின்றார் என்பதுதான் கேள்வி.

எம் வீதிகளில் இன்று காணும் ஸ்கூப்பின் பொருள் வேறு. ஹைலக்ஸ் போன்ற டபள் கெப் வாகனங்களில் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அதன் வழியாகவே காற்றுப் போகின்றது. எனவே இங்கே ஒருவர் ஸ்கூப்பைக் கண்டதும் டர்போ என்று நினைப்பது அவரது அறியாமை அல்ல, அனுபவம். அந்த இடத்தில் கேள்விக்குச் சிரிப்பைப் பதிலாகக் கொடுத்தால், அது அலங்காரத்தின் எல்லையைத் தாண்டிவிடுகின்றது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டதுதான். மேலே காய்ந்த தானியம். உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மழையில் நனைந்தது அவரது குற்றமல்ல. ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்த்திருப்பார்களே என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. அந்த வியாபாரியும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. காய்ந்த தானியத்தை மேலே வைத்தார், அவ்வளவுதான்.

இதை மருமகனிடம் சொன்னேன். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்கு முன்னாலேயே அந்த மனிதருக்குக் கோல் எடுத்தார். "நாநா, அது டர்போ இல்ல. மேல இருக்கிறது சும்மா பூட்டினது" என்றார். அந்த மனிதர் நன்றி சொன்னார், திரும்பி வரவில்லை.

கார் மூன்று வாரம் வாசலில் நின்றது. பிறகு ஓர் ஆசிரியர் வாங்கினார். அவருக்கு ஸ்கூப் வேண்டாம் என்பதால் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றியபோது நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள் தெரிந்தன. அந்த பொனட்டில் இருந்த உண்மையான துவாரங்கள் அவை மட்டும்தான். டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த செலவு மருமகனின் இலாபத்தில் கழிந்தது.

வாசகர்களே, எம் கடைகளின் பெயர்ப்பலகையிலும், பொதியின் மேலுள்ள படத்திலும், 'இறக்குமதி' என்று ஒட்டிய லேபலிலும் இப்படியான ஸ்கூப்கள் இருக்கலாம். அலங்காரத்தை இஸ்லாம் தடுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் விரலை விட்டுப் பார்க்க முன்னர், நாமே ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.