நான்கு பேர், பத்து கன மீட்டர் காற்று

ஜொகூருக்கு 2026 வருகை ஆண்டு என்று பதாகைகள் ஏறியதோடு கேம்பர்வேன் வாடகை விளம்பரங்களும் பெருகிவிட்டன. பழைய சரக்கு வேனின் பின்பக்கம் பலகை அடித்து, நுரை மெத்தை போட்டு, மஞ்சள் விளக்குச் சரம் தொங்கவிட்டு, திறந்த பின்கதவு வழியே தெசாரு கடல் தெரிகிற மாதிரி ஒரு படம். கீழே ஒரு வரி: பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் சுகமாக உறங்கலாம். குளுவாங் வாசகர் ஒருவர் அப்படியொரு படத்தை அனுப்பி, "மெத்தை ஆறடி நீளம், ஐந்தடி அகலம். மேலே பிள்ளைகளுக்குப் பலகைப் படுக்கை. நாலு பேருக்குப் போதுமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

மெத்தை போதும். பிள்ளைகள் உருண்டு புரள்வதைக் கணக்கில் சேர்த்தாலும் போதும். நீள அகலத்தைத் தச்சரே பார்த்துக்கொள்வார். விளம்பரக்காரர் எழுதாமல் விட்ட அளவு ஒன்று இருக்கிறது. அந்த வேனுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது? ஓட்டுநர் இருக்கைப் பகுதியையும் சேர்த்தால் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சரக்கு வேன் ஒன்றில் தோராயமாக 10 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அலமாரி, அடுப்பு, பைகள் எல்லாம் போக இன்னும் குறையும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 10 என்கிறேன்.

உறங்கும் பெரியவர் ஒருவர் சுமார் 70 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். பிள்ளைகளையும் சேர்த்தால் குடும்பம் மொத்தம் 220, 240 வாட். மூச்சிலும் தோலிலுமாக ஆளுக்கு மணிக்கு 40 கிராம்போல நீர் ஆவியாகப் போகிறது. கரிவளி நால்வருக்கும் சேர்த்து மணிக்கு 40 லிட்டர். கதவு சன்னலையெல்லாம் இறுக்கி மூடிய வேனில் ஒரு மணி நேரத்தில் கரிவளியின் அளவு பத்து இலட்சத்தில் 420 பங்கிலிருந்து 4,000 பங்கைத் தாண்டிவிடும். அலுவலக அறையில் 1,000 தாண்டினாலே புழுக்கம் என்று புகார் வரும். ஆக்சிஜன் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது 21 சதவீதத்திலிருந்து அரை சதவீதம்தான் இறங்கியிருக்கும். மூச்சு முட்டுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் குறைந்துபோன ஒன்றைவிடச் சேர்ந்துபோன ஒன்றுதான்.

நீராவிக் கணக்கு இன்னும் மோசம். 24 பாகை செல்சியஸ் காற்று, கன மீட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவிதான் தாங்கும். ஜொகூர் இரவில் அது முன்பே நிரம்பித் ததும்புகிறது. வேனிலுள்ள மொத்தக் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவை இந்த நால்வரும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் புதிதாகச் சேர்த்துவிடுவார்கள். போக இடமில்லாத நீர் எங்கே போகும்?

இட்லிப் பானையைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். அடியில் கொதிக்கிற தண்ணீர், கீழ்ப்படுக்கை அப்பா அம்மா. மேல்தட்டு இட்லிகள் பிள்ளைகள், ஏணி வைத்த படுக்கையை அவர்கள்தானே அடம்பிடித்து வாங்குவார்கள். சூடான ஆவி மேல்தட்டைச் சூழ்ந்து, மூடியில் முட்டி, நீராகிச் சொட்டும். வேனின் மூடி தகரக் கூரை. மேகமில்லாத இரவில் அந்தத் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு பாகை கூடுதலாகக் குளிர்கிறது. விடியற்காலையில் மேல்படுக்கைக்காரன் நெற்றியில் ஒரு சொட்டு விழும். கூரையின் உட்புறம் கம்பளத் துணி ஒட்டுகிறார்களே, அது இட்லித் துணி. சொட்டு நிற்கும், துணி நனையும். இட்லித் துணியைத் தினமும் அலசிக் காயப்போடுகிறோம். கூரைத் துணியை யார் அலசுவது? அதில் பூஞ்சைதான் குடியேறும். இவ்வளவு தூரம் இழுத்த பிறகு ஒப்பீடு அறுந்துவிடுகிறது, ஏனென்றால் இட்லி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. வேனில் இட்லியே அடுப்பு.

இங்கே ஒரு பொதுப் பிழையைத் திருத்த வேண்டும். "நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் நூறு சதவீதம், வியர்வை காயவே காயாது" என்று பலர் சொல்கிறார்கள். காயும். நூறு சதவீதம் என்பது 24 பாகையில் உள்ள காற்றுக்கு. நம் தோல் 35 பாகையில் இருக்கிறது. தோல்மேல் உள்ள ஈரம் 56 மில்லிபார் அழுத்தத்தோடு வெளியே தள்ளுகிறது, நிரம்பிய 24 பாகைக் காற்று 30 மில்லிபாரில்தான் எதிர்த்து நிற்கிறது. இடைவெளி 26. ஆகவே கடற்கரையில் வெறும் பாயில் படுத்தவருக்கு நூறு சதவீத ஈரப்பதத்திலும் வியர்வை உலர்கிறது, உடல் குளிர்கிறது. மூடிய வேனுக்குள் காற்று 30 பாகைக்குச் சூடேறி அங்கேயும் நிரம்பிவிட்டால் எதிரழுத்தம் 42 ஆகிறது, இடைவெளி 14 ஆகச் சுருங்குகிறது. வானிலை அறிக்கை சொல்லும் சதவீதம் இரண்டு இடத்திலும் ஒன்றே. உடலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

உறக்கம் வர வேண்டுமானால் உடல் தன் உள்வெப்பத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மாலை உச்சத்திலிருந்து விடியற்காலைத் தாழ்வுவரை ஏறக்குறைய ஒரு பாகை. அந்த வெப்பம் வெளியேறும் முக்கிய வழிகளில் ஒன்று உள்ளங்கை, உள்ளங்கால். அங்கே தமனியிலிருந்து சிரைக்கு நேராகப் பாயும் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. தந்துகிகளைச் சுற்றிக்கொண்டு போகாத குறுக்கு வழி அது. ஆக்சிஜன் கொடுப்பது அவற்றின் வேலையே இல்லை, சூடான ரத்தத்தைத் தோலுக்கடியில் கொண்டுவந்து கொட்டுவதற்கென்றே இருப்பவை. தடித்த தசைச்சுவர் கொண்ட அந்தக் குழாய்களைப் பகல் முழுக்க நரம்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரவு நெருங்கும்போது பிடி தளர்கிறது. குழாயின் விட்டம் இரட்டித்தால் அதில் பாயும் அளவு 16 மடங்காகும் என்பது பள்ளியிலேயே படித்த விதி. அதனால்தான் மாற்றம் சட்டென்று நிகழ்கிறது. தூக்கம் சொக்கும் குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள், கதகதவென்றிருக்கும். காய்ச்சலோ என்று பதறுவார்கள். குழந்தையின் உடல் தன் சன்னலைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். கைகால் தோல், உடலின் நடுப்பகுதித் தோலைவிட எவ்வளவு சூடேறியிருக்கிறது என்ற வேறுபாடுதான், ஒருவர் எத்தனை நிமிடத்தில் உறங்குவார் என்பதை அவர்கள் அளந்த மற்ற எதையும்விட நன்றாக முன்னறிவித்தது. இதைப் பிடித்துக்கொண்டு படுக்கும்போது காலுறை போட்டால் உடனே தூக்கம் என்று ஒரு வியாபாரம் கிளம்பியது. குளிரில் குழாய்கள் இறுகிக் கிடக்கும் ஊருக்கு அது பொருந்தலாம். மெர்சிங்கில் காலுறை போட்டுப் படுப்பவருக்கு என் அனுதாபங்கள். இங்கே குழாய்கள் திறந்தேதான் இருக்கின்றன. அவை கொண்டுவந்து கொட்டும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகக் காற்று வேண்டும்.

இப்போது விளம்பரப் படத்தைத் திரும்பப் பாருங்கள். அந்த நால்வரின் கால்கள் எங்கே? பல வேன்களில் இடத்தை மிச்சப்படுத்த மெத்தையின் ஒரு முனையை அலமாரிக்கடியில் நீட்டி, கால்களை அந்தப் பொந்துக்குள் நுழைத்துவிடுகிறார்கள். உடல் வெப்பத்தை இறக்கிவிடத் தேர்ந்தெடுத்த இடத்தைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பூட்டுவது இது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வேனாக இருந்தால் கால்களை அந்தப் பக்கம் நீட்டச் சொல்வேன். கதவே மழைக்குக் கூரையாக நிற்கும், அதன்கீழ் கொசுவலை. தலைமாட்டில் முன்சன்னல் இரண்டும் கை அகலம் திறந்திருந்தால் காற்று உடல் நெடுக ஓடும். நனைந்தால் உலராத நுரை மெத்தைக்குமேல் ஒரு மெங்குவாங் பாயை விரித்துக்கொண்டால் முதுகுக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். மேல்படுக்கையை, கூரைத் துவாரம் இல்லாத வேனில், பைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கீழே இறக்குங்கள். அழுவார்கள், பிறகு உறங்கிவிடுவார்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. வோல்க்ஸ்வாகன் வேனுக்குள் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கைப் பெட்டி பொருத்தத் தொடங்கியது 1951இல். இங்கிலாந்தில் தூக்கி நிறுத்தும் கூரையோடு டார்மொபைல் வந்ததும் அதே பத்தாண்டில்தான். இரண்டுமே குளிரில் நடுங்கும் குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் பாட்டன்மார் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போன கூண்டுவண்டி அவற்றுக்கு மூத்தது. மூங்கில் வளைவின்மேல் பாய் வேய்ந்த அந்தக் கூரை தானே மூச்சுவிடும், முன்னும் பின்னும் திறந்திருக்கும். வரலாறு போதும்.

இன்று இணையக் காணொளிகளைப் பார்த்து வேன் கட்டுகிறவர்கள் அந்தக் குளிர்நாட்டுப் புத்தியையே இறக்குமதி செய்கிறார்கள். சுவர் முழுக்க நுரை ஒட்டுவது முதல் தவறு. பகல் வெயிலுக்கு அது நல்லதுதான். ஆனால் வெறும் தகரச் சுவர் இரவில் குடும்பத்தின் 240 வாட்டையும் வெளியே கசியவிடும். நுரை ஒட்டினால் என் தோராயக் கணக்கில் உள்ளே சூடு இரு மடங்கு ஏறும். கூரைக்கு மட்டும் நுரை, சுவருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அடுத்தது, தண்ணீர் ஊற்றி வைக்கும் குட்டிக் குளிரூட்டி. அது நீரை ஆவியாக்கித்தான் குளிரை உண்டாக்குகிறது. ஏற்கெனவே 95 சதவீதம் நிரம்பிய காற்றில் அது ஒரு பாகைகூட இறக்காது, இட்லிப் பானைக்குள் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றும்.

மூன்றாவதைப் பற்றிக் கேலி பேச முடியாது. "இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கலாம்" என்பவர்கள் இருக்கிறார்கள். 2020இல் பினாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி, இன்ஜின் ஓட உறங்கிய தோழியரில் மூன்று பேர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். அந்த வாயு ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாகப் பற்றும். மணமில்லை, இருமலும் வராது, உறங்குபவர் விழிப்பதில்லை. வேனுக்குள் கேஸ் அடுப்பைக் கொளுத்திவைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. மாச்சாப் ஆர் அண்ட் ஆரில் அரை மணி நேரம் கண்ணயர்வதானாலும் இன்ஜினை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்? நால்வரின் மூச்சுக்கு மட்டும் என்றால் வேனின் காற்றை மணிக்கு 7 முறை மாற்றினால் போதும். நுரை ஒட்டிய வேனில் வெப்பத்தையும் காற்றே சுமக்க வேண்டும், வெளியைவிட உள்ளே இரண்டு பாகைக்குமேல் ஏறக்கூடாது என்றால் 20 முறைக்குமேல் மாற்ற வேண்டும். கூரைத் துவாரமும் தாழ்வான ஒரு திறப்பும் இருந்தால், சூடான, ஈரமான காற்று எடை குறைந்து தானாகவே மேலே போகும் (ஈரக் காற்று உலர்காற்றைவிட லேசானது, பலரும் நேர்மாறாக நினைக்கிறார்கள்). அந்தத் தானியங்கி ஓட்டம் மூச்சுக் கணக்கை ஏறக்குறைய ஈடுகட்டும். வெப்பக் கணக்குக்கு எட்டாது. அதற்கு விசிறிதான்.

பள்ளி ஆண்டிறுதி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதுதான் கிழக்குக் கரைக்குப் போகிறவர்களின் தலைவலி. ஆயர் பாப்பானில் டிசம்பர் மழை சாய்ந்து அடித்தால் பின்கதவுக் கூரை காப்பாற்றாது, மூடத்தான் வேண்டும். மணலில் மொய்க்கும் ஆகாஸ் பூச்சிக்கு நெருக்கமான வலை வேண்டும், வலை நெருங்க நெருங்கக் காற்றும் தடைப்படும். ஆகவே சன்னல்மேல் மழைத்தடுப்பு உள்ள வேனாகப் பார்த்து எடுங்கள், அதில் இரண்டு விசிறிகள் மாட்டுங்கள். ஒன்று கூரையில் வெளியே இழுக்க, மற்றொன்று கால்மாட்டில் ஊத. இரண்டும் சேர்ந்து 20 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 160 வாட் மணி. ஏர்கோன் ஓட்டலாம் என்று சொல்லி விற்கும் 1,000 வாட் மணி மின்கலப் பெட்டியில் 500 வாட் ஏர்கோனைச் செருகினால் பத்து மணிக்குப் படுத்த குடும்பத்துக்கு நள்ளிரவில் அது அணைந்துவிடும். அதே பெட்டி இந்த விசிறிகளை ஆறு இரவு ஓட்டும்.