உங்களுக்குத் தெரியுமா? 21 நாள் கணக்கு பழக்க ஆய்விலிருந்து வந்ததல்ல!

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று நம்பித் தொடங்குபவர்கள், 22-ஆம் நாளும் சிரமப்பட்டால் தங்கள் மனவுறுதியையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறை அந்தக் கணக்கில்தான். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், சிகிச்சை பெற்றவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அவர் சொன்ன கீழ் எல்லையை, பின்னால் வந்தவர்கள் எல்லாப் பழக்கத்துக்குமான கெடுவாக்கிவிட்டார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் ஆராய்ந்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால்மணி நேர ஓட்டம் என ஆளுக்கொரு செயல். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடு மதிப்பு 66. ஆய்வு சிறியது, 254 என்பது கணித முறையில் நீட்டிப் பெற்ற மதிப்பீடு என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனாலும் ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபடும்போது, எல்லோருக்கும் ஒரே கெடு பொருந்தாது என்பது உறுதிப்படவே செய்கிறது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் இதில் தெரிந்தது. எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது. இப்படிச் சொன்னால் ஒழுங்கு தளர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தளராது. சீராகச் செய்தவர்களிடமே வளர்ச்சி தெளிவாகப் பதிவானது. தவறிய மறுநாளே திரும்புகிறவருக்குத்தான் அந்தச் சலுகை.