கோபத்தைத் தூண்டுவது

விளக்கு மங்கினால் திரியைத் தூண்டுகிறோம். சுடர் எழுகிறது. மனிதரின் கோபத்தையும் இப்படித் தூண்டலாம். இதை ஆங்கிலத்தில் 'புரவோக்' என்பார்கள். வக்கீல்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் இது.

குழாயடியில் ஒரு பெண் வரிசையில் நிற்கிறாள். இன்னொருத்தி அவள் குடத்தைத் தள்ளுகிறாள். அவள் தாயைப் பற்றி இழிவாகப் பேசுகிறாள். நின்றவள் கையை ஓங்கி அடித்து விடுகிறாள். அடித்தவள் இவள்தான். தூண்டியவள் யார்?

சட்டம் இருவரையும் பார்க்கும். அமைதி கெடும் என்று தெரிந்தே ஒருவரை வேண்டுமென்று அவமானப்படுத்துவது குற்றம். அடிதடி நடக்காவிட்டாலும் குற்றம்தான். இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 504-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்தது. அதில் 352-ஆம் பிரிவு.

சாதி, மதம், மொழியின் பெயரால் மக்களிடையே பகை மூட்டினால் 196-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டு இடத்தில் செய்தால் ஐந்து ஆண்டு வரை. செல்போனில் அனுப்பும் செய்தியும் இதில் சேரும். இதைப் பலர் அறிவதில்லை.

சரி, அடித்தவள் கதை என்ன? 'கோபமூட்டினாள், அடித்தேன்' என்றால் விடுதலை கிடைக்காது. கோபமூட்டியது கடுமையாகவும் திடீரென்றும் நடந்திருந்தால் தண்டனை குறையலாம். வீட்டுக்குப் போய், யோசித்து, மறுநாள் வந்து அடித்தால் அந்தச் சலுகை இல்லை. தானே வலியப் போய்ச் சீண்டி, பதிலுக்கு வந்த பேச்சைக் காட்டி அடித்தவருக்கும் இல்லை.