புற்றுநோயும் தசைத் தேய்வும்

புற்றுநோயாளி மெலிவதற்கு உணவுக்குறைவு ஒன்றே காரணமென்று பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. நோய்க்கட்டியும், அதனை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சில புரதங்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று கட்டியழிவுக் காரணி. விலங்குகளை மெலிவிக்கும் ‘கக்கெக்டின்’ இதுவே என்பது 1985-இல் நிறுவப்பட்டது. இத்தகைய புரதங்கள் தசை உயிரணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி, உள்ளே செய்தி அனுப்புகின்றன. உடனே தசைப் புரதங்களுக்கு அழிவுக்குறியிடும் நொதிகள் பெருகுகின்றன, குறியிடப்பட்டவை சிதைக்கப்படுகின்றன. புதிய புரத ஆக்கமும் குன்றுகிறது.

எனவே மிகுதியாக ஊட்டுவதால் மட்டும் இத்தேய்வு நீங்காது. ஆறு மாதங்களில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோவுக்கு மேல் குறைவது இதன் அடையாளமாகும். களப்பணியாளர் வீட்டாரைக் குறைகூறாமல், எடையை மாதந்தோறும் குறித்து, குறைவு கண்டவுடன் மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.