பேச்சு நின்றால் கத்த வேண்டும்

பெங்களூரில் பரப்பன அக்ரஹாரா பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஜாமர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள மத்தியச் சிறையில் கைதிகள் செல்போனில் பேசுவதைத் தடுக்க ஜாமர்கள் வைத்திருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே உள்ள வீடுகளிலும் சிக்னல் போய்விடுகிறது என்று அக்கம்பக்கத்தார் 2024-இல் புகார் சொன்னார்கள். ரேடியோ அலைக்கு மதில் தெரியாது.

அது அரசு அனுமதியோடு வைத்த கருவி. அதே வேலையைத் திருடன் ஒருவன் நம் வாசலில் நின்று செய்தால், கதவில் ஒட்டியிருக்கும் ஒயர்லெஸ் அலாரம் என்ன ஆகும்? டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சென்சார். கதவு திறந்தால் காந்தம் விலகும். சென்சாருக்குள் இருக்கும் சுவிட்ச் மாறும். உடனே அது ரேடியோவில் ஒரு சின்னக் குறியீட்டை அனுப்பும். ஹாலில் உள்ள பேனல் அதைக் கேட்டுச் சைரனை அலறவிடும், உங்கள் போனுக்கும் தகவல் சொல்லும். பேட்டரி மாதக்கணக்கில் தாங்க வேண்டும் என்பதால் சென்சார் சுருக்கமாகவும் மெல்லிய குரலிலும்தான் பேசும்.

விலை குறைந்த சென்சார்கள் பலவும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. நம் நாட்டில் 433 முதல் 434 வரையுள்ள பட்டைக்கு லைசென்ஸ் வேண்டாம். சக்தி மட்டும் 10 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டையும் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸும் இப்படித் திறந்துவிடப்பட்டவையே. இந்த இடங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இங்கே பேசும் கருவி பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது. தனக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்கவும் முடியாது. நம் வீட்டுக் காவலை நாம் நம்பி ஒப்படைத்திருப்பது இப்படியொரு பொதுவெளியில்.

ஜாமர் அந்தப் பட்டையில் சென்சாரைவிட உரத்த இரைச்சலை எழுப்புகிறது, அவ்வளவுதான். சென்சார் கெடுவதில்லை. கதவு திறந்ததும் அது குறியீட்டை அனுப்பத்தான் செய்கிறது. பேனலின் காதில் அது விழுவதில்லை. ஒருவழிச் சென்சாராக இருந்தால், செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளவும் அதற்கு வழியில்லை. அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

அமெரிக்காவில் லோகன் லாம்ப் என்ற ஆய்வாளர் வீட்டு அலாரங்களை இப்படி ஊமையாக்க முடியும் என்று 2014-இல் காட்டினார். அதே நாட்டில் மினசோட்டா மாநிலத்து எடைனா நகரப் போலீஸார், வீடு புகுந்து திருடியவர்கள் வைஃபை கேமராக்களை ஜாமர் வைத்து முடக்கியிருக்கலாம் என்று 2024-இல் சந்தேகப்பட்டார்கள். நம் ஊரில் பூட்டை உடைத்து நுழைகிறவனுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அலாரத்தை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர், அந்த நம்பிக்கை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

இதற்கு மாற்று உண்டு. ராத்திரி ரோந்து வரும் கூர்க்காவின் விசில் சத்தம் ஒருநாள் கேட்காவிட்டால் தெருவே என்னவோ ஏதோ என்று விழித்துக்கொள்ளும் இல்லையா? நல்ல அலாரமும் அப்படித்தான். எதுவும் நடக்காவிட்டாலும் சென்சார் அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். அந்தக் குரல் வராவிட்டால் பேனல் எச்சரிக்கும். ஆனால் அடிக்கடி சொன்னால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் சில கருவிகளில் இந்த இடைவெளி மணிக்கணக்கில் இருக்கும். திருடனுக்குச் சில நிமிடங்களே போதும். ஆகவே பட்டையில் இரைச்சல் தொடர்ந்து நிறைந்திருப்பதையே கண்டுபிடித்துக் கத்துகிற பேனலாகப் பாருங்கள். செய்தி சேர்ந்ததற்குப் பதில் கேட்டு, வராவிட்டால் வேறு அலைவரிசைக்கு மாறிப் பேசும் இருவழிச் சென்சார் இன்னும் நல்லது.

முன்கதவு சென்சாருக்காவது ஒயர் இழுத்துவிடுங்கள். ஒயரில் வரும் செய்தியை இந்த இரைச்சல் அமுக்காது. வெளியே தகவல் போக பிராட்பேண்ட், சிம் என்று இரண்டு வழியும் இருக்கட்டும். சிறைக்குப் பக்கத்து வீட்டில் சிம்மை மட்டும் நம்பிய அலாரம் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். கேமராவில் மெமரி கார்டு இருந்தால் வைஃபை போனாலும் பதிவு நிற்காது.

சட்டமும் நம் பக்கம்தான். மத்திய அரசு குறிப்பாக அனுமதித்தால் தவிர ஜாமர் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் அறிவித்தது. ஆன்லைனில் விற்கக்கூடாது என்றும் எச்சரித்தது. ஆனால் சட்டம் பிறகு வந்து தண்டிக்கும். அந்த ராத்திரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அலாரம்தான்.

உங்கள் வீட்டு அலாரம் எப்படி என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்தவுடன் பேனல் கத்தினால், அது மூடிக்கென்று இருக்கும் காவல். அதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அந்தச் சென்சாரின் குரல் காணவில்லை என்று பேனல் எவ்வளவு நேரத்தில் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும் அது எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.