தற்குறி, கையெழுத்து, மனு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து வயது வந்தோர் எழுத்தறிவும் சமூக நீதியும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் எழுத்தறிவில் பின்தங்கிய பகுதிகளுள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. இவ்விரு மாவட்டங்களை முன்வைத்து, கையெழுத்திடக் கற்பதற்கும் எழுத்தறிவு பெறுவதற்கும் இடையிலான வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. கையெழுத்தோடு நின்றுவிடும் கல்வி, கற்றவரின் உரிமையைக் காப்பதற்கு மாறாக அதனை இழக்கச் செய்யவும் கூடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: எழுத்தறிவு, தற்குறி, கையெழுத்து, அறிவொளி இயக்கம், ஆவணத் தமிழ், சமூக நீதி.

முன்னுரை

அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டுச் சோழர் தலைநகராக விளங்கியது. கொடையும் வரியும் நிலவுரிமையும் கல்லில் பொறிக்கப்பட்ட மண் அது. எனினும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூரின் எழுத்தறிவு விகிதம் 71.34 விழுக்காடு, பெரம்பலூரின் விகிதம் 74.32 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 80.09 விழுக்காடு. ஆண், பெண் எழுத்தறிவுக்கு இடையிலான இடைவெளி மாநில அளவில் ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகளாக இருக்க, பெரம்பலூரில் அது 17ஆகவும் அரியலூரில் 19ஆகவும் இருந்தது. ஆகவே, இங்கு எழுத்தறிவு பற்றிய வினா பெரிதும் பெண்கள் பற்றிய வினாவாகும். வேளாண் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் பற்றிய வினாவுமாகும்.

கல்லாமையும் எழுத்தறியாமையும்

எண்ணையும் எழுத்தையும் கண்களாகக் கருதுவது தமிழ் மரபு. அம்மரபு கல்லாதவரை இகழ்ந்தும் பேசியுள்ளது. ஆயினும் திருக்குறளின் அதிகார வைப்பு இங்கு நோக்கத்தக்கது. கல்வி (40), கல்லாமை (41) ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி (42) வைக்கப்பட்டுள்ளது. நூலைக் கல்லாதவருக்கும் செவிவழி அறிவு உண்டு என்பதை இவ்வைப்புமுறை ஏற்கிறது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் விடுகதையும் மருத்துவ அறிவும் எழுத்தறியாப் பெண்களால் காக்கப்பட்டவை என்பதை நாட்டார் வழக்காற்றியல் நிறுவியுள்ளது. எனவே எழுத்தறியாமையைக் கல்லாமையோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. எழுத்தறியாமை ஒருவரின் அறிவுக் குறையன்று. அவருக்கு மறுக்கப்பட்ட ஒரு வாய்ப்பு. வயது வந்தோர் கல்வியைச் சமூக நீதியோடு இணைக்கும் முதற்கண்ணி இதுவே.

‘தற்குறி’ என்னும் சொல் இம்மறுப்பின் வரலாற்றைத் தன்னுள் கொண்டுள்ளது. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்கு ஈடாக இடும் அடையாளமே முதலில் தற்குறி எனப்பட்டது. அவ்வடையாளத்திற்குப் பிறரொருவர் சான்றளித்தலைத் ‘தற்குறிமாட்டெறிதல்’ எனப் பழைய ஆவண வழக்கு குறித்தது. பின்னர், குறியைச் சுட்டிய சொல் குறியிட்டவரைச் சுட்டலாயிற்று. இன்று அது அறிவற்றவர் என்னும் வசையாக வழங்குகிறது. ‘கைநாட்டு’ என்னும் சொல்லும் இவ்வழியே சென்றது. ஆவணத்தின் ஓர் உறுப்பைக் குறித்த பெயர் மனிதரை இழிவுபடுத்தும் பெயரானது தற்செயலன்று. எழுத்து யாரிடம் இருந்தது என்பதையே இப்பொருள் மாற்றம் காட்டுகிறது.

அறிவொளி இயக்கத்தின் முன்மாதிரி

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு நடத்தும் மாவட்ட அளவிலான இயக்கங்கள் பரவின. தமிழகத்தில் இவை ‘அறிவொளி’ எனப் பெயர் பெற்றன; தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இவற்றில் பெரும்பங்கு வகித்தது. பெரம்பலூரைப் போன்றே முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்த புதுக்கோட்டை, இவ்வகையில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். அங்கு 1991ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய இயக்கத்தில், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். எழுத்தும் இடப்பெயர்ச்சி உரிமையும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன.

அறிவொளிப் பாடநூலின் தொடக்கப் பாடத்தில் ‘பட்டா’ என்னும் சொல் இடம்பெற்றது. ப, ட ஆகியன எழுதுதற்கு எளிய வரிவடிவங்கள் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. பட்டா யார் பெயரில் உள்ளது, உழைப்பவர் பெயரில் ஏன் இல்லை என்னும் வினாக்களைக் கற்போரிடையே எழுப்புவதும் நோக்கமாக இருந்தது. கற்போரின் வாழ்விலிருந்து சொல்லைத் தேர்ந்து, அச்சொல் வழியே வாழ்நிலையை ஆராயச் செய்யும் இம்முறை பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரையரின் சிந்தனையை அடியொற்றியது. புதுக்கோட்டை இயக்கத்தைக் களமாகக் கொண்டு 2013ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட பிரான்சிஸ் கோடி, ஊரகப் பெண்கள் மனு எழுதுவதையும் அதில் கையெழுத்திடுவதையும் குடிமை உரிமையின் நிகழ்வாகவே நோக்குகிறார்.

கையெழுத்தின் இருமுகம்

பெருவிரல் ரேகையிலிருந்து கையெழுத்துக்கு மாறுதல் தன்மதிப்பின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரையே எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. பெயரை மட்டும் எழுதக் கற்றவர் இவ்வரையறைக்குள் அடங்கார். இவ்வேறுபாடு சட்டத்தின் முன் வரும்போது கூர்மை பெறுகிறது. எழுத்தறியாதவர் கைநாட்டு இட்ட ஆவணம் வழக்கிற்கு உள்ளாகும்போது, அது அவருக்குப் படித்து விளக்கப்பட்டதா என்று நீதிமன்றங்கள் வினவுகின்றன. அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவ்வாவணத்தால் பயன்பெறுபவரைச் சார்கிறது. கையெழுத்திட்டவரோ படித்தறிந்தே ஒப்பினார் என்று கொள்ளப்படுகிறார். கைநாட்டுக்கு இருந்த சிறிய காப்பு, படிக்கத் தெரியாதவரின் கையெழுத்துக்கு எளிதில் கிட்டுவதில்லை.

அரியலூரின் அண்மைக்கால வரலாறு இதன் முதன்மையை உணர்த்துகிறது. சுண்ணாம்புக்கல் வளமும் சிமெண்டு ஆலைகளும் கொண்ட இம்மாவட்டத்தில் நிலம் கைமாறுதல் தொடர்ந்து நிகழ்ந்துள்ளது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்காக 1990களில் தொடங்கிய நில எடுப்பும் அதன் இழப்பீட்டு வழக்குகளும் நெடுங்காலம் நீடித்தன. அந்நாளில் நாட்டில் நடைமுறையிலிருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, இழப்பீட்டுத் தொகை போதாது எனக் கருதுபவர் நீதிமன்றத்தின் தீர்வைக் கோரி எழுத்து வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆட்சேபனை தெரிவிக்காமல் தொகையைப் பெற்றுக்கொண்டவர் அவ்வுரிமையை இழப்பார். அதாவது, பற்றுச்சீட்டில் கையெழுத்துடன் ‘ஆட்சேபனையுடன் பெற்றுக்கொண்டேன்’ என எழுதத் தெரிந்தவருக்கும் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவருக்கும் இடையே ஒரு குடும்பத்தின் நிலமதிப்பு நின்றது.

சாக்ஷர் பாரத் திட்டமும் அதன் பின்னும்

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று தொடங்கப்பட்ட சாக்ஷர் பாரத் திட்டம், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வயது வந்த பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடும் அதற்குக் குறைவுமாக இருந்த மாவட்டங்களைத் தேர்ந்தது. அவற்றுள் பெரம்பலூரும் அரியலூரும் அடங்கும். ஊராட்சிதோறும் கல்வி மையமும் இரு ஊக்குநர்களும் என்பது திட்டத்தின் அமைப்பு. ஊக்குநருக்கு மாதந்தோறும் 2,000 ரூபாய் மதிப்பூதியம் வரையறுக்கப்பட்டது. இயக்கமாக இருந்த எழுத்தறிவுப் பணி இதனால் ஊராட்சியில் வேரூன்றும் வாய்ப்பைப் பெற்றது. எனினும் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு திட்டம் முடிவுற்றது. தொடர்ந்து ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கமும், 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் செயற்பாட்டிற்கு வந்தன. கற்ற எழுத்து, பயன்பாடு இன்றேல் மறக்கும். திட்டங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் இடைவெளியும் புதிதாகக் கற்றவரைப் பழைய நிலைக்குத் தள்ளக்கூடியது.

ஆவணத் தமிழ் என்னும் தடை

எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லவருக்கும் மற்றொரு தடை எஞ்சுகிறது. கிரயம், வில்லங்கம், பாத்தியதை, தாக்கீது, ஷரத்து முதலான சொற்களும், பத்தி முழுவதும் ஒரே வாக்கியமாக நீளும் நடையும் கொண்ட ஆவணத் தமிழ், பாடநூலின் தமிழிலிருந்து வெகுதொலைவில் உள்ளது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், எழுதத் தெரிந்தோரும் மனுவை எழுதித் தருபவரை நாடுவது இதனாலேயே. எழுத்து பரவினும் எழுத்தின் அதிகாரம் இடைத்தரகரிடமே தங்கிவிடுகிறது.

முடிவுரை

எழுத்தறிவின் நிறைவு கையெழுத்தில் இல்லை. பட்டாவையும் பற்றுச்சீட்டையும் வேலை அட்டையையும் படித்தறிந்து, உடன்பாடோ மறுப்போ எழுதவல்ல நிலையில் உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு. ஆகவே வயது வந்தோருக்கான பாடநூல்கள் மெய்யான ஆவணப் படிவங்களைப் பாடமாகக் கொள்ள வேண்டும். கற்போரின் தேர்ச்சியையும் அவற்றைக் கொண்டே அளக்க வேண்டும். ஆவணத் தமிழின் சொல்லையும் தொடரையும் ஆராய்ந்து எளிமைப்படுத்தும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. கல்வெட்டின் தற்குறிகளை நுணுகிப் படித்த தமிழாய்வு, தற்குறி என இகழப்பட்டவர் படிக்கத்தக்க ஆவணங்களை உருவாக்குவதிலும் ஈடுபடின், அது சமூக நீதிக்குத் தமிழியல் ஆற்றும் நேரடித் தொண்டாக அமையும்.