ஓதம் கண்ட சுவருக்கு எந்த ஆய்வு?

மைசூரு ஹெப்பாளில் நான் குடியிருக்கும் வீடு, வேறொருவர் கட்டிக் குடியிருந்து விற்ற வீடு. வாங்கிய இரண்டாம் மழைக்காலத்தில், தரைத்தளப் படுக்கையறையின் கிழக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெண்மையாக உப்புப் பூத்தது. வண்ணப்பூச்சு கொப்பளித்து உதிர்ந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, மீண்டும் வண்ணம் அடித்தோம். மறு ஆண்டு அதே கறை, ஒரு சாண் கூடுதல் உயரத்தில் வந்து நின்றது.

"ஏரிப் பக்கத்து மண் தம்பி, ஓதம் ஏறத்தான் செய்யும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் உதவியால் புதுப்பிக்கப்பட்ட ஹெப்பாள் ஏரி எங்கள் தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. எனவே அவர் கூற்று எனக்கு நியாயமாகவே பட்டது.

இலவச ஆய்வு என விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தை அழைத்தேன். வந்தவர் இரண்டு ஊசிகள் கொண்ட ஒரு கருவியைச் சுவரில் வைத்தார், எண் மேலேறியது. பத்து நிமிடத்தில் ஆய்வு முடிந்தது. அறையின் நான்கு சுவர்களிலும் துளையிட்டு இரசாயனம் செலுத்த 1,80,000 ரூபாய்க்கு விலைப்புள்ளி வந்தது. பழுதுபார்ப்புக் கடன் பெற்றுச் செய்துவிடலாம் என்றே எண்ணினேன். அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. இத்தகைய விலைப்புள்ளிகள் பலவற்றை அலுவலகத்தில் பரிசீலித்திருக்கிறேன். தொகை சரியா, முத்திரை உண்டா என்று பார்த்திருக்கிறேன். பழுதுக்குக் காரணம் என்ன என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஈரம் வரும் வழிகள்

சுவரில் ஈரம் வருவதற்குப் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு. முதலாவது, நிலத்திலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும் ஓதம். இது தரைத்தளத்தில் மட்டுமே காணப்படும்; பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். இரண்டாவது, சுவர் விரிசல், சன்னல் விளிம்பு, மொட்டைமாடி ஆகியவற்றின் வழியே புகும் மழைநீர். மழை பெய்த ஓரிரு நாளில் இதன் கறை பெருகும். மூன்றாவது, குழாய், கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் கசிவு. இது கோடையிலும் காயாது. நான்காவது, அறையின் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் படிந்து நீராவது. அலமாரிக்குப் பின்புறமும் அறை மூலைகளிலும் கரும்பூஞ்சை படர்வது இதன் அடையாளம்.

நான்கிற்கும் மருந்து வேறு வேறு. குழாய்க் கசிவுக்கு இரசாயனம் செலுத்துவது, பல்வலிக்குக் கண்ணில் மருந்திடுவதை ஒக்கும்.

எந்த ஆய்வு எதற்கு?

ஊசிக்கருவி அளப்பது மின்தடையை. அதன் அளவீடு மரத்துக்கென வகுக்கப்பட்டது. சுவரில் உப்புப் படிந்திருந்தால், ஈரம் குறைவாக இருந்தாலும் எண் உயரும். ஆகவே ஈரம் எங்கே மிகுதி, எங்கே குறைவு என ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும், காரணத்தைச் சொல்லாது. வெப்பப்படக் கருவியும் மேற்பரப்பின் வெப்பநிலை வேறுபாட்டையே காட்டுகிறது. மறைந்திருக்கும் குழாய்க் கசிவைத் தேட அது நல்ல துணை; ஆனால் அந்தப் படம் ஒன்றே சான்றாகாது.

சுவரின் உள்ளே உள்ள ஈரத்தை அறிய, துளையிட்டு எடுத்த தூளைச் சோதிக்க வேண்டும். கால்சியம் கார்பைடுடன் அத்தூளை மூடிய கலத்தில் கலக்கும்போது எழும் வாயுவின் அழுத்தம் ஈரத்தின் அளவைக் காட்டும். தூளை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் எடைபோடும் முறையும் உண்டு. மொட்டைமாடியில் ஐயமிருந்தால், நீர்வழிகளை அடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்கு நீர் தேக்கிக் கீழ்த்தளத்தைக் கவனிப்பதே உரிய சோதனை.

கட்டணம் செலுத்துமுன் நாமே செய்யக்கூடியவை இரண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அது மாறியிருந்தால் மீட்டருக்குப் பின்னுள்ள குழாயில் கசிவு உண்டு. அடுத்து, ஒரு முழம் அகல அலுமினியத் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

எங்கள் வீட்டில் கண்டது

பொருளும் விற்காத, வேலையும் எடுக்காத ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை 5,000 ரூபாய்க் கட்டணத்தில் அழைத்தேன். அவர் முதலில் வீட்டுக்குள் வரவேயில்லை, வெளியே சுற்றினார். கிழக்குச் சுவரை ஒட்டி முந்தைய உரிமையாளர் அமைத்த பூந்தோட்டத்தின் மண், கடைக்காலுக்கு மேலுள்ள நீர்த்தடுப்பு அடுக்கைவிட ஓர் அடி உயர்ந்திருந்தது. செடிகளுக்கு ஊற்றிய நீர், தடுப்பைத் தாண்டி நேரே செங்கல்லுக்குள் புகுந்தது. ஏரிதான் காரணம் என்றால் மற்ற மூன்று சுவர்கள் மட்டும் ஏன் உலர்ந்திருக்கின்றன என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

தரைமட்டத்துக்கு மேல் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் வீட்டின் அடித்தளம் அமைய வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. கட்டியவர் அதைக் காத்திருந்தார். பின்னர் கொட்டிய மண் அதைக் கெடுத்தது.

மண்ணை அகற்றினோம். உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை உலர விட்டோம். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் பொறுத்தோம். பிறகே புதிய பூச்சு. மொத்தச் செலவு 27,000 ரூபாய்.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

வீட்டுக்கடனின்போது வங்கி பெறும் மதிப்பீட்டு அறிக்கை, அடமானமாகும் சொத்தின் மதிப்பை அறிவதற்கானது. சட்ட ஆய்வறிக்கை உரிமையை அறிவதற்கானது. இரண்டும் ஈர ஆய்வு அல்ல. வங்கியே பார்த்துவிட்டது என்று நம்பிப் பழைய வீட்டை வாங்குவோர் பலர். நானும் அவ்வாறு வாங்கியவனே. பிரிட்டனில் வீடு வாங்குவோர், கடன் தருபவரின் மதிப்பீட்டுக்கு அப்பால், கட்டடத்தின் நிலையை அறிய மூன்று நிலைகளிலான ஆய்வுகளுள் ஒன்றைத் தாமே பெறும் வழக்கம் உண்டு. நாமும் முன்பணம் கொடுக்குமுன், இயன்றால் மழைக்காலத்திலேயே, இதனைச் செய்துகொள்வது நலம்.

கட்டுநரிடம் வாங்கிய புதிய வீடாயின் உங்கள் உரிமையை அறிந்திருங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு அல்லது வேலைத்தரக் குறையைக் கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். நாளும் படமும் காரணமும் குறித்த ஆய்வறிக்கை அங்கே வலுவான சான்றாகும். வீட்டுக் காப்பீடு, தொட்டி வெடித்தல் போன்ற திடீர் இழப்புகளுக்கானது. ஆண்டுக்கணக்கில் ஏறும் ஓதத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஆய்வாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பழுதுவேலையையும் நீங்களே செய்வீர்களா? சுவரின் வெளிப்புறத்தையும் மாடியையும் பார்ப்பீர்களா? காரணத்தை எழுத்தில் தருவீர்களா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றும் மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்றும் விடை சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது பழுதுபார்ப்புக் கடன் கோரி வருவோரிடம் விலைப்புள்ளியோடு சேர்த்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கிறேன். சிலர் விடை தேடித் திரும்பிச் செல்கின்றனர். அவர்களுள் சிலருக்குக் கடனே தேவைப்படுவதில்லை.